மொட்டைமாடித் தொட்டிக்கு வைஃபை சென்சார்: பேட்டரியை மாதக்கணக்கில் ஓடவைக்கும் வழி

மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கீழே இருந்தபடியே போனில் பார்க்க வேண்டும். மாடியில் பிளக் பாயிண்ட் கிடையாது. வைஃபை வசதி கொண்ட ஈஎஸ்பி32 சிப் உள்ள ஒரு போர்டு, ஒலி அலையால் தூரத்தை அளக்கும் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், 18650 என்ற உருளை வடிவ லித்தியம் பேட்டரி ஒன்று இருந்தால் போதும். எலெக்ட்ரானிக்ஸ் பழக ஆரம்பிக்கும் பலரும் முதலில் கையில் எடுக்கும் வேலை இது. கிடைக்கும் உதாரண நிரலை ஏற்றினால் உடனே ஓடவும் செய்யும். ஆனால் மறுநாளே பேட்டரி காலியாகிவிடும்.

பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். கணக்கே அப்படித்தான். 2500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து 100 மில்லிஆம்பியர் இழுத்தால் 25 மணி நேரம்தான் வரும். அதே பேட்டரியை அதே வைஃபையில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஓடவைக்க முடியும். அதற்குப் பெரிய பேட்டரியோ சோலார் பேனலோ தேவையில்லை. ரேடியோ எப்போது விழித்திருக்கிறது என்பதைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் போதும்.

முதலில், மின்சாரம் எங்கே போகிறது?

ஈஎஸ்பி32 சிப்பின் தரவுத்தாளில் சில எண்கள் இருக்கின்றன. முழு சக்தியில், விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் அனுப்பும்போது 240 மில்லிஆம்பியர். பெறும்போது, அதாவது காது கொடுத்துக் கேட்கும்போது, 95 முதல் 100 மில்லிஆம்பியர். பிராசசரும் நின்று லேசாகத் தூங்கும் லைட் ஸ்லீப்பில் 0.8 மில்லிஆம்பியர். ஏறக்குறைய முழு சிப்பும் அணைந்திருக்கும் டீப் ஸ்லீப்பில் 10 மைக்ரோஆம்பியர்.

அனுப்புவதுதான் அதிகம் சாப்பிடுகிறது என்று இதைப் பார்த்தவுடன் தோன்றும். ஆனால் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். தொட்டி அளவைச் சொல்லும் ஒரு சின்ன பாக்கெட்டை அனுப்ப, மிக மெதுவான வேகத்தில்கூட ஓரிரு மில்லிவிநாடிதான் ஆகும். யாராவது ஏதாவது அனுப்புவார்களா என்று கேட்டுக்கொண்டு ரேடியோ சும்மா இருக்கும் நேரமோ நாள் முழுவதும். ஒரே ஒரு விநாடி சும்மா கேட்பதற்குச் செலவாகும் மின்சாரத்தில் சில நூறு பாக்கெட் அனுப்பிவிடலாம். வைஃபையில் மின்சாரத்தைத் தின்பது பேச்சு அல்ல, காத்திருப்பு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் இனி வரும் படிகள் எல்லாம் தானாகவே விளங்கும்.

வைஃபை தூங்குவது எப்படி

வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரம் 1997-இல் முதன்முதலாக வெளிவந்தபோதே அதில் தூக்கத்துக்கான ஏற்பாடு இருந்தது. உங்கள் போனும் லேப்டாப்பும் இன்றைக்கும் அதன் மேல்தான் ஓடுகின்றன. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்த்துவிடலாம்.

ரூட்டர் சீரான இடைவெளியில் பீக்கன் என்ற சிறு அறிவிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான ரூட்டர்களில் இந்த இடைவெளி 100 என்று இருக்கும். அது மில்லிவிநாடிக் கணக்கு அல்ல. ஒரு அலகுக்கு 1024 மைக்ரோவிநாடி. ஆக 102.4 மில்லிவிநாடிக்கு ஒரு பீக்கன்.

ஒரு கருவி தூங்கப் போகுமுன், தான் அனுப்பும் ஃபிரேமில் (காற்றில் போகும் தகவல் துண்டு) ஒரே ஒரு பிட்டை ஏற்றி ரூட்டரிடம் சொல்லிவிடும். அதற்குப் பிறகு அந்தக் கருவிக்கு வரும் பாக்கெட்டுகளை ரூட்டர் தன்னிடமே சேர்த்து வைக்கும். யாருக்கெல்லாம் பாக்கெட் காத்திருக்கிறது என்ற பட்டியல் ஒவ்வொரு பீக்கனிலும் போகும். டிம் என்பார்கள் அதை. கடிதம் வந்தவர்களின் பெயரை விடுதி வாசலில் எழுதிவைக்கும் பலகை போலத்தான். கருவி பீக்கன் நேரத்துக்கு மட்டும் கண்விழித்துப் பலகையைப் பார்க்கும். தன் எண் இல்லையென்றால் மறுபடி தூங்கிவிடும். இருந்தால் பிஎஸ்-போல் என்ற சிறு ஃபிரேமை அனுப்பித் தன் பாக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இன்னும் பாக்கி இருக்கிறது என்றால் ரூட்டர் அதையும் ஒரு பிட்டில் சொல்லிவிடும்.

எல்லோருக்கும் பொதுவாகப் போகும் பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட் பாக்கெட்டுகளை இப்படி ஒவ்வொருவராகக் கேட்டு வாங்க முடியாது. அவற்றை ரூட்டர் குறிப்பிட்ட சில பீக்கன்களுக்குப் பிறகு மொத்தமாக அனுப்பும். அந்தப் பீக்கனுக்கு டிடிம் என்று பெயர். டிடிம் 1 என்றால் ஒவ்வொரு பீக்கனும் அப்படித்தான். 3 என்றால் மூன்றில் ஒன்று, அதாவது சுமார் 307 மில்லிவிநாடிக்கு ஒருமுறை.

2005-இல் வந்த 802.11இ இதில் ஒரு வசதி சேர்த்தது. கருவி தானாக ஒரு பாக்கெட் அனுப்பினால், அதையே சாக்காக வைத்துத் தனக்காகக் காத்திருப்பதை ரூட்டர் தள்ளிவிடும். தனியாகக் கேட்க வேண்டாம். வைஃபை வழி பேசும் போன்களுக்காக வந்தது அது. ரூட்டர் அமைப்பில் டபிள்யூஎம்எம் பவர் சேவ் என்று காணப்படும். அது இயங்கட்டும், கை வைக்க வேண்டாம்.

முதல் படி: இணைப்பிலேயே இருப்பதா, அறுத்துவிடுவதா?

நிரல் எழுதத் தொடங்கும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். வேறெந்த அமைப்பும் இதற்கு ஈடாக மிச்சம் பிடித்துத் தராது.

வழி இரண்டு. ஒன்று, ரூட்டரோடு இணைப்பை வைத்துக்கொண்டே பீக்கனுக்குப் பீக்கன் தூங்கி எழுவது. ஈஎஸ்பி32-இல் இதற்கு மோடம் ஸ்லீப், லைட் ஸ்லீப் என்று இரண்டு நிலைகள் உண்டு. மோடம் ஸ்லீப்பில் ரேடியோ மட்டும் தூங்கும், பிராசசர் விழித்திருக்கும். செலவு 20 மில்லிஆம்பியருக்குக் கீழே இறங்காது. லைட் ஸ்லீப்பையும் சேர்த்து ஒழுங்காக அமைத்தால் சராசரியைச் சில மில்லிஆம்பியருக்குக் கொண்டுவரலாம்.

இரண்டாவது, வேலை முடிந்ததும் இணைப்பை அறுத்துவிட்டு டீப் ஸ்லீப் போவது. அப்போது 10 மைக்ரோஆம்பியர்தான். ஆனால் ஒவ்வொரு முறை எழும்போதும் ரூட்டரைத் தேடி, கைகுலுக்கி, முகவரி வாங்கிப் புதிதாகச் சேர வேண்டும்.

எது லாபம்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புதிதாகச் சேர்ந்து தகவலை அனுப்ப 4 விநாடி ஆகிறது, அப்போது சராசரியாக 120 மில்லிஆம்பியர் போகிறது என்று வையுங்கள். ஒரு தடவைக்கு 0.133 மில்லிஆம்பியர்-மணி. இணைப்பிலேயே இருந்தால் சராசரி 2 மில்லிஆம்பியர் என்று வைத்தால், அதே 0.133 செலவாக 4 நிமிடம் ஆகும். ஆகவே 4 நிமிடத்துக்கு ஒருமுறை என்பதைவிட அடிக்கடி தகவல் அனுப்ப வேண்டுமென்றால் இணைப்பிலேயே இருங்கள். அதைவிட அரிதாக அனுப்பினால் அறுத்துவிடுங்கள். சேரும் நேரத்தை 1 விநாடிக்குக் குறைத்துவிட்டால் இந்த எல்லை ஒரே நிமிடத்துக்கு இறங்கிவிடும்.

அழைப்பு மணி, கதவுப் பூட்டு, சுவிட்ச் போல வெளியிலிருந்து எந்த நேரமும் கட்டளை வரக்கூடிய கருவிக்கு டீப் ஸ்லீப் சரிப்படாது. தொட்டி சென்சாரை யாரும் கூப்பிடுவதில்லை. அதுவேதான் சொல்கிறது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை சொன்னால் போதும். எனவே நம் வழி டீப் ஸ்லீப்.

இப்போது மறுபடி கணக்கு: ஒரு நாளைக்கு 96 முறை எழுகிறது. 96 × 0.133 என்றால் சுமார் 12.8. தூக்கத்துக்கு நாளைக்கு 0.24. மொத்தம் 13 மில்லிஆம்பியர்-மணி. 2500-ஐ 13-ஆல் வகுத்தால் 192 நாள். 25 மணி நேரத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்துவிட்டோம். விழிப்பை 1 விநாடிக்குக் குறைத்தால் நாளைக்கு 3.5 கூட ஆகாது. இரண்டு வருடம் என்று கணக்கு சொல்லும். பேட்டரி தானாக இறங்குவது, வெயில், வயது எல்லாம் சேர்ந்து அதைக் கணிசமாகக் குறைக்கும். இருந்தாலும் ஒரு வருடத்தைத் தாராளமாக எதிர்பார்க்கலாம்.

இரண்டாவது படி: போர்டைச் சோதியுங்கள்

தரவுத்தாளில் உள்ள 10 மைக்ரோஆம்பியர் சிப்புக்கு மட்டும். கடையில் வாங்கும் டெவலப்மென்ட் போர்டில் யூஎஸ்பி சிப், எப்போதும் எரியும் சிவப்பு எல்இடி, வோல்டேஜைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் எல்லாம் உட்கார்ந்திருக்கும். மலிவு போர்டுகளில் பெரும்பாலும் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் சும்மா இருப்பதற்கே சுமார் 5 மில்லிஆம்பியர் எடுக்கும். நாளைக்கு 120 மில்லிஆம்பியர்-மணி. மேலே போட்ட கணக்கில் இதைச் சேர்த்தால் 192 நாள் 19 நாளாகச் சுருங்கிவிடும். நிரலை எவ்வளவு மெருகேற்றினாலும் இந்த ஓட்டையை அடைக்க முடியாது. புதிதாக வருபவர்கள் பலர் இங்கேதான் மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள்.

தூக்கத்தில் மைக்ரோஆம்பியர் அளவில் இழுக்கும் என்று விற்பவரே குறிப்பிடும் போர்டை வாங்குங்கள். அல்லது வெறும் ஈஎஸ்பி32 மாட்யூலை வாங்கி, நல்ல ரெகுலேட்டரோடு நீங்களே இணையுங்கள். ரெகுலேட்டர் தேர்வில் இரண்டு எண்களைப் பாருங்கள்: சும்மா இருக்கும்போது எடுப்பது சில பத்து மைக்ரோஆம்பியருக்குள் இருக்க வேண்டும், கொடுக்கக்கூடியது 500 மில்லிஆம்பியராவது இருக்க வேண்டும். ஏபி2112 என்ற ரெகுலேட்டர் 55 மைக்ரோஆம்பியர் எடுத்துக்கொண்டு 600 மில்லிஆம்பியர் கொடுக்கும்; ஆரம்பத்துக்கு நல்ல தேர்வு. 250 மில்லிஆம்பியர் மட்டும் தரும் சிக்கன ரெகுலேட்டர்களைப் போட்டால், ரேடியோ அனுப்பத் தொடங்கும் நொடியில் வோல்டேஜ் சரிந்து சிப் ரீசெட் ஆகும். எழுந்து, சரிந்து, எழுந்து, சரிந்தே பேட்டரி தீரும்.

பேட்டரி வோல்டேஜை அளக்க இரண்டு 100 கிலோஓம் ரெசிஸ்டர்களைத் தொடர்ச்சியாகப் போடும் பழக்கம் உண்டு. 4.2 வோல்ட்டில் அதன் வழியே எந்நேரமும் 21 மைக்ரோஆம்பியர் கசியும். சிப் தூங்கும்போது எடுப்பதைப் போல இரண்டு மடங்கு! 1 மெகாஓம் ரெசிஸ்டர்களாக மாற்றி, அளக்கும் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போடுங்கள். கசிவு 2 மைக்ரோஆம்பியருக்கு வந்துவிடும். அப்புறம், அல்ட்ராசோனிக் சென்சாருக்குப் போகும் மின்சாரத்தையும் சுவிட்ச் போல வேலை செய்யும் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வழியாகக் கொடுங்கள். சிப் தூங்கும்போது சென்சார் விழித்திருக்க எந்த அவசியமும் இல்லை.

மூன்றாவது படி: விழித்திருக்கும் நேரத்தைச் செதுக்குங்கள்

எழுந்தவுடன் வைஃபையை இயக்கிவிடாதீர்கள். முதலில் சென்சாரைப் படியுங்கள். ரேடியோ இயங்காதபோது சிப் எடுப்பது சில பத்து மில்லிஆம்பியர்தான். அளவு கையில் வந்த பிறகே ரேடியோ.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். அளந்துவிட்டால் கட்டாயம் அனுப்ப வேண்டுமா என்ன? இரவு முழுக்கத் தொட்டி மட்டம் அசையாமல் இருக்கும். போன முறை அனுப்பிய அளவை ஆர்டிசி மெமரியில் வைத்துக்கொள்ளுங்கள். டீப் ஸ்லீப்பிலும் அது அழியாது. புதிய அளவு அதிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் அனுப்பு, இல்லையென்றால் ரேடியோவைத் தொடாமலே தூங்கு என்று எழுதுங்கள். கருவி உயிரோடு இருக்கிறது என்று தெரிய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் கட்டாயம் அனுப்பட்டும். இந்த ஒரு நிபந்தனையிலேயே ரேடியோ எழும் தடவைகள் பெரும்பாலும் பாதிக்கும் கீழே போய்விடும்.

சரி, அனுப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. அந்தச் சில விநாடிகளில் என்னென்ன நடக்கிறது? சிப் எல்லா சேனல்களிலும் ரூட்டரைத் தேடுகிறது. பிறகு அடையாளம் காட்டி இணைகிறது. டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையின் நான்கு கட்டக் கைகுலுக்கல் நடக்கிறது. டிஹெச்சிபி வழி முகவரி கேட்டு வாங்குகிறது. சர்வரின் பெயரை டிஎன்எஸ்ஸில் தேடுகிறது. டிசிபி இணைப்பு, அதன் மேல் டிஎல்எஸ் என்ற குறியாக்கம். கடைசியில்தான் நம் தகவல் போகிறது.

சேனல் தேடலைத் தவிர்ப்பது எளிது. முதல்முறை இணைந்ததும் ரூட்டரின் ரேடியோவை அடையாளம் காட்டும் பிஎஸ்எஸ்ஐடி எண்ணையும் சேனல் எண்ணையும் ஆர்டிசி மெமரியில் வையுங்கள். அடுத்த முறை இணைக்கும் கட்டளையிலேயே அவற்றைக் கொடுத்தால் சிப் நேராக அந்தச் சேனலுக்குப் போகும். ரூட்டர் தானாகச் சேனல் மாற்றும் அமைப்பில் இருந்தால் இது திடீரென்று தோற்கும். ஆகவே ரூட்டரில் 1, 6, 11 இவற்றில் ஒன்றை நிலையாக வையுங்கள். நிரலிலும், நேரடி முயற்சி தோற்றால் ஒரே ஒருமுறை முழுத் தேடல் செய்யும்படி எழுதுங்கள்.

டிஹெச்சிபியைத் தவிர்க்க நிலையான ஐபி முகவரி கொடுங்கள். ரூட்டரில் அந்த முகவரியை இந்தக் கருவிக்கே ஒதுக்கிவைத்தால் வேறு எதோடும் மோதாது. சர்வருக்கும் பெயர் வேண்டாம், ஐபி எண்ணையே எழுதுங்கள்.

கடைசிக் கட்டம்தான் விவாதத்துக்குரியது. தகவல் வெளி இணையத்துக்குப் போகிறதென்றால் டிஎல்எஸ் கட்டாயம் வேண்டும். அதை மிச்சம் பிடிக்கக் கூடாது. ஆனால் டிஎல்எஸ் கைகுலுக்கலில் உள்ள கணக்கு இந்தச் சின்ன சிப்புக்குச் சுமை. அது மட்டுமே ஒரு விநாடிக்கு மேல் ஆகலாம். வீட்டிலேயே எப்போதும் இயங்கும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி இருந்தால், தகவலை இணைப்பு ஏற்படுத்தாமலே போகும் யூடிபி பாக்கெட்டாகவோ, சின்னக் கருவிகளுக்கான எம்க்யூடிடி என்ற செய்தி முறை வழியாகவோ அதற்கு அனுப்புங்கள். இணையத்துக்கு அனுப்பும் வேலையை அது பார்த்துக்கொள்ளட்டும். காற்றில் போகும்போது டபிள்யூபிஏ2 குறியாக்கம் எப்படியும் இருக்கிறது. தண்ணீர் மட்டத்துக்கு அது போதும் என்பது என் கருத்து.

ரூட்டரோடு சேரும் சடங்கே வேண்டாம் என்றால் ஈஎஸ்பி-நவ் என்ற வழி இருக்கிறது. வைஃபை ரேடியோவையே பயன்படுத்தி, இணைப்பு ஏற்படுத்தாமல், 250 பைட் வரை நேராக இன்னொரு ஈஎஸ்பி32-க்கு அனுப்பலாம். கீழே பிளக்கில் செருகிய இரண்டாவது போர்டு ஒன்று தேவைப்படும். அது ரூட்டரோடும் பேச வேண்டும் என்பதால் இரண்டும் அதே சேனலில் இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் போர்டுக்குத் தயாரென்றால், விழிப்பு நேரத்தை விநாடியின் ஒரு பகுதிக்குக் கொண்டுவந்துவிடலாம்.

கரண்ட் போகும் நேரத்தையும் மறக்காதீர்கள். ரூட்டர் அணைந்திருக்கும்போது சென்சார் எழுந்தால், இணைப்பு கிடைக்கும் வரை முயன்றுகொண்டே இருக்கும். மாதிரி நிரல்களில் பெரும்பாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஒரு இரவு முழுக்க அப்படி ஓடினால் பல மாதச் சேமிப்பு போய்விடும். 8 அல்லது 10 விநாடி கெடு வையுங்கள். அதற்குள் கிடைக்கவில்லையென்றால் தூங்கட்டும். அடுத்து 30 நிமிடம், பிறகு ஒரு மணி நேரம் என்று இடைவெளி கூடட்டும்.

நான்காவது படி: சிக்னல்

சிக்னல் நன்றாக இருந்தால் பேட்டரி மிச்சமாகும். 1000 பைட்டை விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் அனுப்ப 8 மில்லிவிநாடி ஆகும். 54 மெகாபிட்டில் 0.15 மில்லிவிநாடிதான். சிக்னல் மோசமாக இருந்தால் வேகம் குறைவதோடு நிற்காது. கைகுலுக்கலின் ஒவ்வொரு கட்டத்திலும் பாக்கெட் தொலைந்து திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும். ஒரு விநாடியில் முடிய வேண்டியது ஐந்து விநாடியாக இழுக்கும்.

மாடித் தளத்தின் கான்கிரீட்டும் கம்பியும் தொட்டித் தண்ணீரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே உறிஞ்சும். ஆன்டெனாவைத் தொட்டியின் சுவரிலோ இரும்புத் தாங்கியிலோ ஒட்டி வைக்காதீர்கள். ரூட்டரை மாடிப்படிப் பக்கம் நகர்த்த முடியுமா பாருங்கள். சிக்னல் வலிமையை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள்; அது மைனஸ் 70-க்கு மேல், அதாவது பூஜ்யத்துக்கு நெருக்கமாக இருந்தால் நிம்மதி. மைனஸ் 80-க்குக் கீழே என்றால் நிரலைத் திருத்துவதை விட்டுவிட்டு இடத்தை மாற்றுங்கள். பெட்டி நிழலில் இருக்கட்டும். கோடை வெயில் லித்தியம் பேட்டரிக்கு ஆகாது.

இணைப்பிலேயே இருக்கும் கருவி என்றால்

உங்கள் கருவி முதல் வகையைச் சேர்ந்ததென்றால் ரூட்டர் அமைப்பும் கணக்கில் வரும். டிடிம் 1 என்று இருந்தால் 3 ஆக்கிப் பாருங்கள். கருவி எழும் தடவைகள் மூன்றில் ஒன்றாகக் குறையும். ஆனால் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் அந்த அளவுக்குத் தாமதமாகும். போனிலிருந்து டிவியைக் கண்டுபிடிக்க நேரமெடுத்தால் 2-க்கு இறக்கிவிடுங்கள். பீக்கன் இடைவெளியை மாற்ற வேண்டாம். மற்ற கருவிகள் ரூட்டரைக் கண்டுபிடிப்பதில் சிக்கல் வரும்.

ஈஎஸ்பி32 பக்கம் குறைந்தபட்ச மோடம் ஸ்லீப், அதிகபட்ச மோடம் ஸ்லீப் என்று இரண்டு உண்டு. குறைந்தபட்சத்தில் ஒவ்வொரு டிடிமுக்கும் எழும். அதிகபட்சத்தில், லிசன் இன்டர்வல் என்று நீங்கள் கொடுக்கும் எண் எத்தனையோ அத்தனை பீக்கனுக்கு ஒருமுறை எழும். நடுவில் வரும் பிராட்காஸ்ட்டை இழக்கலாம். முகவரி கேட்கும் ஏஆர்பி கேள்வியும் பிராட்காஸ்ட்தான் என்பதால், கருவி இணைப்பில் இருந்தும் காணாமல் போனது போலத் தெரியும். கட்டளை வாங்கும் கருவிக்குக் குறைந்தபட்சமே நல்லது.

வைஃபை 6-இல் டார்கெட் வேக் டைம் வந்திருக்கிறது. எப்போது எழுவேன், எவ்வளவு நேரம் விழித்திருப்பேன் என்று கருவி ரூட்டரோடு தனியாகவே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். பீக்கனுக்குப் பீக்கன் எழ வேண்டியதில்லை. குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் போகும் 802.11ஏஹெச் என்ற வைஃபை வகையில் முதலில் வந்த யோசனை இது. ஈஎஸ்பி32-சி6 சிப்பில் இது உண்டு. பழைய ஈஎஸ்பி32-இல் கிடையாது. ரூட்டரும் வைஃபை 6 ஆக இருந்து, அந்த அமைப்பு இயங்க வேண்டும். பலர் ரூட்டரை மட்டும் மாற்றிவிட்டுப் பலனை எதிர்பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் ஒப்பந்தம்.

கடைசிப் படி: அளந்து பாருங்கள்

யூஎஸ்பி மீட்டர் மைக்ரோஆம்பியரைக் காட்டாது. மல்டிமீட்டரை மைக்ரோஆம்பியர் அளவில் வைத்துத் தொடர்ச்சியாகக் கோத்தால், தூக்கத்தின் அளவு தெரியும்; ஆனால் சிப் எழும்போது மீட்டருக்குள்ளேயே வோல்டேஜ் விழுந்து ரீசெட் ஆகும். தூக்கத்தை மட்டும் அளக்க வேண்டுமென்றால், வைஃபையைத் தொடாமல் நேராக டீப் ஸ்லீப் போகும் ஒரு சிறு நிரலை ஏற்றுங்கள். சிப் தூங்கப்போகும் வரை மீட்டரின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து வைத்து, தூங்கியதும் கம்பியை எடுத்துப் படியுங்கள். 100 மைக்ரோஆம்பியருக்குக் கீழே வந்தால் போர்டு நல்ல போர்டு. மில்லிஆம்பியரில் காட்டினால் இரண்டாவது படிக்குத் திரும்புங்கள்.

விழிப்பை அளக்க எந்தக் கருவியும் வேண்டாம். தூங்கப்போகும் முன் எத்தனை மில்லிவிநாடி விழித்திருந்தது என்பதை ஆர்டிசி மெமரியில் எழுதி, அடுத்த முறை தண்ணீர் மட்டத்தோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். கூடவே பேட்டரி வோல்டேஜ், சிக்னல் அளவு, இணைப்பு தோற்ற தடவைகள். ஒரு வாரம் இந்த நான்கு எண்களையும் பாருங்கள். விழிப்பு நேரம் பெரும்பாலும் 900-இல் இருந்து எப்போதாவது 5000-க்குத் தாவினால், முழுத் தேடல் நடக்கிறது என்று பொருள். ரூட்டரில் சேனல் நிலையாக இருக்கிறதா பாருங்கள். எல்லா நேரமும் 3000 என்றால் சிக்னலையோ டிஹெச்சிபியையோ சந்தேகியுங்கள். விழிப்பு நேரம் சரியாக இருந்தும் வோல்டேஜ் வேகமாக இறங்கினால் கசிவு போர்டில் இருக்கிறது.